ஐந்து வெள்ளைப் பாய்கள்: வான்கூவர் துறைமுகத்தின் கதை



கப்பல் என்று பேச்செடுத்தால் நம் வீட்டுப் பாட்டிமார்கள் இன்றும் ரஜூலாவைத்தான் சொல்வார்கள். 1926ஆம் ஆண்டிலிருந்து 1973ஆம் ஆண்டு வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய கப்பல் அது. "எங்க ஐயா ரஜூலாவுல வந்தாரு" என்று சொல்லாத குடும்பம் நம் தோட்டங்களில் குறைவு. கப்பலை விட்டு இறங்கியதும் யாருக்கு வழி விட்டார்கள், யாரை நிறுத்தி வைத்தார்கள், எத்தனை நாள் தீவில் அடைத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் நமக்குப் பழகிய கதைகள்.

ஆனால் இக்கட்டுரை நம் நாட்டுத் துறைமுகத்தைப் பற்றியதல்ல. பசிபிக் மாக்கடலின் மறுகரையிலே, கனடா நாட்டிலே, வான்கூவர் என்னும் நகரத்தில் உள்ள ஒரு துறைமுகக் கட்டடத்தைப் பற்றியது. அதன் பெயர் கனடா பிளேஸ். படங்களிலும் நாட்காட்டிகளிலும் நம்மில் பலர் அதைப் பார்த்திருக்கக் கூடும். பார்த்தவர்கள் "ஆகா, என்ன அழகு!" என்று சொல்லியிருப்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரையில் நடந்தவற்றைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அந்தக் கட்டடம் நமக்கு இன்னும் நிறையப் பாடம் சொல்லும்.

கட்டடத்தின் தோற்றம்

வான்கூவர் நகரம் கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் இருக்கிறது. கடல் நிலத்துக்குள் நீண்ட விரல் போல நுழைந்திருக்கும் இடம் அது. அதற்குப் பர்ரார்ட் கடற்கால் என்று பெயர். ஒரு பக்கம் நகரத்தின் உயரமான கட்டடங்கள்; எதிர்ப்பக்கம் பனி மூடும் மலைகள்; நடுவே ஆழமான, அலை அடங்கிய நீர். கப்பல் வந்து ஒதுங்குவதற்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

அந்த நீருக்குள் நீண்டிருக்கும் ஒரு பெரிய துறைமேடையின் மேல் கனடா பிளேஸ் நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடமா, கப்பலா என்று சந்தேகம் வரும். கூரையில் ஐந்து வெள்ளைப் பாய்கள், காற்று நிறைந்து விம்மியது போல எழுந்து நிற்கின்றன. துணி என்றால் நம் வீட்டுத் துணி அல்ல. கண்ணாடி இழையால் நெய்து, அதன் மேல் டெஃப்லான் பூசிய துணி. ஆமாம், ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்தான். அழுக்கு அதில் ஒட்டாது. மழை பெய்தால் கழுவி விட்டது போல் ஆகிவிடும். வெளிச்சமும் ஓரளவு ஊடுருவி உள்ளே வரும். ஆகவே பகலில் பாய்களுக்கு அடியில் உள்ள மண்டபம் வெளிச்சமாகவே இருக்கும்.

ஒரே கூரையின் கீழே மாநாட்டு மண்டபம், பெரிய ஓட்டல், உல்லாசப் பயணக் கப்பல்கள் வந்து அணையும் துறை எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஒரு பக்கம் பல நாட்டு டாக்டர்களும் வியாபாரிகளும் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். மறு பக்கம் பத்து மாடிக்கு மேல் உயர்ந்த கப்பலில் ஆயிரக்கணக்கானோர் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

தினமும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே பத்துக் கொம்புகள் சேர்ந்து ஒலிக்கும். கனடா தேசிய கீதத்தின் முதல் நான்கு சுரங்கள் அவை. கனடாவின் நூற்றாண்டு விழாவுக்காக 1967இல் வேறொரு கட்டடத்தின் உச்சியில் வைத்த கொம்புகளை, 1994இல் இங்கே கொண்டுவந்து பொருத்தினார்கள். நம் தோட்டத்தில் சங்கு ஊதினால் வேலை நேரம் தெரிவது போல, அந்த ஊரில் கொம்பு ஊதினால் சாப்பாட்டு நேரம் தெரியும்!

முன்னால் அங்கே இருந்தவர்கள்

எந்த இடத்தைப் பற்றிப் படித்தாலும், "இதற்கு முன்னால் இங்கே யார் இருந்தாங்க?" என்று கேட்கும் பழக்கம் மாணவர்களுக்கு வேண்டும்.

அந்தக் கரை மஸ்குவியம், ஸ்குவாமிஷ், செய்ல்-வவுடுத் என்னும் மூன்று பூர்வகுடி மக்களுடைய மண். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அங்கே மீன் பிடித்து, சிப்பி பொறுக்கி, தேவதாரு மரத்தைக் குடைந்து தோணி செய்து வாழ்ந்தவர்கள் அவர்கள். ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி 1792ஆம் ஆண்டில் அங்கே வந்தார். அவர் வந்து போனது சில நாட்கள். ஆனால் ஊருக்கு நிலைத்தது அவர் பெயர்.

1860களில் அந்தக் கரையில் மர ஆலைகள் வந்தன. அறுத்த பலகைகளைக் கப்பலில் ஏற்றும் கடினமான வேலையைச் செய்தவர்களில் ஸ்குவாமிஷ் மக்கள் பலர் இருந்தார்கள். 1906ஆம் ஆண்டில் அவர்களே முன்னின்று ஒரு தொழிற்சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கத்துக்கு "வில்லும் அம்பும்" என்று செல்லப் பெயர்! சொந்த மண்ணிலேயே கூலிக்கு மூட்டை தூக்க வேண்டி வந்தவர்கள், தங்கள் கூலிக்காகத் தாங்களே சேர்ந்து நின்றார்கள் என்பதைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

ரயில் வந்தது, நகரம் வந்தது

வான்கூவரை நகரமாக்கியது ரயில். கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் கனடியன் பசிபிக் ரயில் பாதையின் கடைசி ஆணி 1885ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி அடிக்கப்பட்டது. அந்தப் பாதையில் மலையைக் குடைந்து, வெடி வைத்து, உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவர்களில் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த கூலி வெள்ளைக்காரத் தொழிலாளிக்குக் கிடைத்ததைவிட மிகக் குறைவு. நூற்றுக்கணக்கானவர்கள் அங்கேயே மாண்டு போனார்கள். நம் முன்னோர் சயாமிலே மரண ரயில் பாதை போட்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வேதனை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாதை போட்டு முடிந்ததும் அவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? தலை வரி! சீனர் ஒருவர் கனடாவுக்குள் வர 50 டாலர் கட்ட வேண்டும் என்று 1885ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 1903இல் அது 500 டாலராக ஏறியது. 1923இல் சீனர் வருவதையே ஏறக்குறைய முழுமையாகத் தடுத்தார்கள். அந்தத் தடை 1947 வரை நீடித்தது. கனடா அரசாங்கம் அதற்காக மன்னிப்புக் கேட்டது 2006ஆம் ஆண்டில்தான்.

வான்கூவர் நகரம் 1886ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிறந்தது. இரண்டே மாதத்தில், ஜூன் 13ஆம் தேதி, தீப்பிடித்து ஊரே சாம்பலாயிற்று. ஆனாலும் மக்கள் சளைக்கவில்லை. உடனே திரும்பக் கட்டினார்கள். 1887 மே மாதம் 23ஆம் தேதி முதல் பயணிகள் ரயில் வான்கூவருக்கு வந்து சேர்ந்தது. மறு மாதமே ஆசியாவிலிருந்து அபிசீனியா என்ற கப்பல் தேயிலையும் பட்டும் ஏற்றிக்கொண்டு வந்தது. 1891இல் எம்பிரஸ் என்னும் பெயர் கொண்ட மூன்று வெள்ளைக் கப்பல்கள் ஓடத் தொடங்கின.

அந்தக் காலத்துப் பட்டு ரயிலைப் பற்றி ஒரு சுவையான செய்தி. ஜப்பானிலிருந்து வரும் கச்சாப் பட்டுக்கு இன்ஷூரன்ஸ் செலவு மணிக் கணக்கில் ஏறும். விலையும் நாளுக்கு நாள் மாறும். ஆகவே கப்பல் வந்து அணைந்ததும் பட்டு மூட்டைகளை அவசர அவசரமாக ரயிலில் ஏற்றுவார்கள். அந்த ரயிலுக்கு மற்ற ரயில்கள் ஒதுங்கி வழி விட வேண்டும். பட்டு அப்படி ஓடிற்று. அதை இறக்கிய மனிதனுக்கும், அது வந்த திசையிலிருந்து வந்த மனிதனுக்கும் அந்த வழி கிடைக்கவில்லை.

கப்பல் போக்குவரத்து பெருகியதால் ரயில் கம்பெனி 1927ஆம் ஆண்டில் 'பி-சி' என்ற பெரிய துறையைத் திறந்தது. இன்றைய கனடா பிளேஸ் அந்தப் பழைய துறையின் மேல்தான் நிற்கிறது.

இரண்டு மாதம் கரை காணாத கப்பல்

இனி நாம் முக்கியமாக அறிய வேண்டிய செய்திக்கு வருவோம்.

1914ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி. அதே பர்ரார்ட் கடற்காலில் கோமகத்தா மாரு என்ற ஜப்பானியக் கப்பல் வந்து நங்கூரம் போட்டது. கப்பலில் 376 பயணிகள். 340 பேர் சீக்கியர், 24 பேர் முஸ்லிம்கள், 12 பேர் இந்துக்கள். பெரும்பாலும் பஞ்சாப் மாகாணத்துக்காரர்கள். எல்லாருமே பிரிட்டிஷ் மன்னரின் குடிமக்கள். கனடாவும் அதே மன்னரின் ஆட்சிக்குட்பட்ட நாடுதான். "ஒரே ராஜாவோட பிரஜைதானே நாம? அங்க போய்ப் பிழைச்சுக்கலாம்" என்று நம்பி வந்தவர்கள்.

கப்பலை வாடகைக்கு அமர்த்தியவர் பாபா குருதித் சிங். இவர் யார் தெரியுமா? நம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பல ஆண்டுகள் காண்டிராக்ட் தொழில் செய்து முன்னுக்கு வந்தவர்! வசதியாக உட்கார்ந்திருக்கலாம். ஆனாலும் தம் மக்களை வழி மறிக்கும் சட்டத்தை எதிர்த்துப் பார்த்துவிடுவது என்று துணிந்தார். ஹாங்காங்கிலிருந்து ஏப்ரல் 4ஆம் தேதி கப்பல் புறப்பட்டு, ஷாங்காய், மோஜி, யோகோஹாமா துறைமுகங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சட்டம் என்ன? 1908இல் கனடா ஒரு விதி போட்டது. கனடாவுக்கு வருபவர், தம் சொந்த நாட்டிலிருந்து எங்கும் பயணம் முறியாமல் நேராக வர வேண்டும் என்பது விதி. மேலோட்டமாகப் பார்த்தால் அதில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து அப்படி நேராக வர வழியே இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள். அது போதாதென்று, இந்தியர் கையில் 200 டாலர் வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். அந்தக் காலத்தில் பஞ்சாப் விவசாயிக்கு அது கனவிலும் காணாத பணம். கதவைச் சாத்தவில்லை என்று சொல்லிக்கொண்டே சாத்துவது இதுதான்!

கப்பல் கரையிலிருந்து சற்றுத் தள்ளி நடு நீரில் நின்றது. இறங்க விடவில்லை. உணவு குறைந்தது, குடி தண்ணீருக்குத் தவித்தார்கள். கரையில் இருந்த இந்தியர்கள் ஒரு குழு அமைத்துப் பணம் திரட்டினார்கள். பாகு சிங், உசேன் ரஹீம் போன்றவர்கள் முன்னின்றார்கள். மர ஆலையில் உடம்பை முறித்து வேலை செய்து சேர்த்த காசு அது. எட்வர்ட் பேர்ட் என்ற வெள்ளைக்கார வக்கீல் பயணிகளுக்காக வாதாடினார். முன்ஷி சிங் என்ற ஒரு பயணியின் வழக்கைச் சோதனை வழக்காக எடுத்து நடத்தினார்கள். ஜூலை 6ஆம் தேதி மேல் கோர்ட் தீர்ப்புச் சொல்லியது. தோற்றுப் போனார்கள்.

ஜூலை 19ஆம் தேதி இரவோடு இரவாகப் போலீசார் இழுவைப் படகில் வந்து கப்பலில் ஏறப் பார்த்தார்கள். பயணிகள் கையில் கிடைத்த நிலக்கரியையும் கட்டிகளையும் வீசி அவர்களை விரட்டி அடித்தார்கள். பிறகு கனடா அரசாங்கம் ரெயின்போ என்ற போர்க்கப்பலைக் கொண்டு வந்து நிறுத்தியது. அப்போது கனடாக் கடற்படையிடம் இருந்ததே இரண்டு கப்பல்தான். அதில் ஒன்றைக் கூலிக்கு வந்த ஏழைகளுக்கு எதிராகத் திருப்பினார்கள். கரையிலே ஊர் ஜனங்கள் திருவிழா பார்ப்பது போலக் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஜூலை 23ஆம் தேதி கப்பல் திரும்பிப் போயிற்று. சரியாக இரண்டு மாதம். முன்பே கனடாவில் குடியிருந்தவர்களோடு சேர்த்து 24 பேரைத்தான் இறங்க விட்டார்கள். மற்றவர்கள் மண்ணை மிதிக்காமலே திரும்பினார்கள். அதோடு துன்பம் முடிந்ததா? இல்லை. செப்டம்பர் மாதக் கடைசியில் கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜ் என்ற இடத்தில் கப்பல் சேர்ந்தது. அங்கே பிரிட்டிஷார் அவர்களைக் கட்டாயமாக ரயிலில் ஏற்றி பஞ்சாபுக்கு அனுப்பப் பார்த்தார்கள். மறுத்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. இருபது பேரளவில் மாண்டார்கள். குருதித் சிங் தப்பித்து, 1921 வரை தலைமறைவாக வாழ்ந்து, பின்னர் தாமே சரணடைந்து சிறை சென்றார்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்தியருக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1947ஆம் ஆண்டில்தான். கோமகத்தா மாரு வந்து 33 ஆண்டுகள் கழித்து!

துறைமுகத் தொழிலாளர் போராட்டம்

அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளர்களுக்கும் வாழ்க்கை இலேசாக இருக்கவில்லை. 1935ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி, வேலை மறுக்கப்பட்ட துறைமுகத் தொழிலாளர்களும் அவர்களுக்கு ஆதரவானவர்களுமாக ஆயிரம் பேரளவில் பாலன்டைன் துறையை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீசார் கண்ணீர்ப் புகை வீசித் தடியால் அடித்துக் கலைத்தார்கள். பல பேர் காயம் அடைந்தார்கள். பிற்காலத்தில் அதே பாலன்டைன் துறையிலும் உல்லாசக் கப்பல்கள் வந்து நின்றன. 2014 வரை அது நடந்தது. வந்து இறங்கிய பயணிகளில் எத்தனை பேருக்கு அந்த அடிதடி தெரிந்திருக்கும்?

பாய்கள் எழுந்த கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆகாய விமானம் வந்தது. கடல் வழிப் பயணிகள் குறைந்தார்கள். பழைய 'பி-சி' துறை களை இழந்தது. அந்த இடத்தை என்ன செய்வது என்று யோசித்தபோது, 1986ஆம் ஆண்டில் வான்கூவரில் உலகக் கண்காட்சி நடத்த ஏற்பாடாயிற்று. நகரத்தின் நூறாவது ஆண்டு அது. கண்காட்சியில் கனடா நாட்டின் சொந்தக் கூடமாக இந்தத் துறையிலே ஒரு கட்டடம் எழுப்புவது, பிறகு அதையே மாநாட்டு மண்டபமாகவும் கப்பல் துறையாகவும் ஆக்குவது என்று முடிவு செய்தார்கள்.

1983ஆம் ஆண்டு மார்ச் மாதம் எலிசபெத் மகாராணியார் முதல் கான்கிரீட் ஊற்றும் சடங்கைத் தொடங்கி வைத்தார். கட்டடத்தின் வடிவத்தை அமைத்தவர்களில் முதன்மையானவர் எபர்ஹார்ட் சைட்லர். இவர் ஜெர்மனியில் பிறந்து, 1951இல் கனடாவுக்குக் குடியேறியவர். குடியேறி வந்த ஒருவரின் கற்பனையில்தான் அந்தப் பாய்கள் விரிந்தன.

1986 மே 2ஆம் தேதி இளவரசர் சார்லசும் இளவரசி டயானாவும் கண்காட்சியைத் திறந்து வைத்தார்கள். அக்டோபர் 13 வரை நடந்த அந்தக் கண்காட்சிக்கு 2 கோடியே 20 லட்சம் வருகை பதிவாயிற்று. 54 நாடுகள் கலந்துகொண்டன. போக்குவரத்தும் செய்தித் தொடர்பும்தான் கண்காட்சியின் கருப்பொருள். பெரிய கண்காட்சி மைதானம் நகரத்தின் மறு பக்கம் இருந்ததால், மக்கள் புதிதாகப் போட்ட ஸ்கைடிரெயின் ரயிலில் ஏறிக் கனடா பிளேசுக்கு வந்தார்கள். மறு ஆண்டு, 1987இல், கட்டடம் மாநாட்டு மண்டபமாகத் திறக்கப்பட்டது.

உலகமே வான்கூவருக்கு வந்து போக்குவரத்தின் அருமையைக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே ஆகஸ்டு மாதத்தில், கனடாவின் எதிர்க்கரையிலே என்ன நடந்தது தெரியுமா? 11ஆம் தேதி, நியூபவுண்ட்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலில், இரண்டு உயிர்காக்கும் படகுகளில் 155 ஈழத் தமிழர்கள் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு நாட்டை விட்டு ஓடி வந்தவர்கள். கப்பல்காரன் அவர்களை நடுக்கடலில் படகில் இறக்கி விட்டுவிட்டுப் போய்விட்டான். கஸ் டால்டன் என்ற மீனவர்தான் மூடுபனிக்குள் அவர்களைக் கண்டார். சாதி, மதம், பாஷை எதையும் கேட்கவில்லை. மற்றப் படகுகளையும் கூப்பிட்டுக் காப்பாற்றிக் கரை சேர்த்தார். கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. இருக்க அனுமதித்தது. 1914இல் செய்த தவறை அந்த நாடு 1986இல் செய்யவில்லை என்பதை நாம் நன்றியோடு சொல்ல வேண்டும்.

இன்றைய கனடா பிளேஸ்

2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பழைய மண்டபத்துக்குப் பக்கத்திலேயே மாநாட்டு மையத்தின் மேற்குக் கட்டடம் திறக்கப்பட்டது. அதன் கூரை மேல் சுமார் 6 ஏக்கருக்குப் புல்லும் செடியும் வளர்கின்றன! தோட்டத்து ஆளுங்களுக்கு ஏக்கர் கணக்குச் சொல்லித் தர வேண்டாம். 4 லட்சம் செடிகள் ஒரு கட்டடத்தின் தலையில் வளர்கின்றன என்றால் யோசித்துப் பாருங்கள். தேன்கூடுகள் கூட வைத்திருக்கிறார்கள். கட்டடத்தின் அடியில், கடல் நீருக்குள், மீனும் நண்டும் தங்குவதற்காகப் படிப்படியாகத் தளம் அமைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் 495 மில்லியன் டாலர் என்று போட்ட கணக்கு 883 மில்லியனில் போய் நின்றது. மக்கள் வரிப் பணம் என்பதால் அந்த ஊரிலும் கேள்வி கேட்காமல் இல்லை. 2010ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் போட்டியின்போது உலகத் தொலைக்காட்சி நிலையங்கள் அங்கிருந்துதான் ஒளிபரப்பின.

உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவரிலிருந்து அமெரிக்காவின் அலாஸ்காவுக்குப் போகின்றன. கனடாத் துறைமுகத்துக்கு இவ்வளவு கப்பல் வருவதற்கு அமெரிக்கச் சட்டம் ஒன்றே ஒரு காரணம். அயல்நாட்டுக் கொடி பறக்கும் கப்பல், இடையில் வேறு நாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது என்று 1886ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. வான்கூவர் நகரம் பிறந்த அதே ஆண்டு! பெரிய உல்லாசக் கப்பல்கள் அனேகமாக எல்லாமே அயல்நாட்டில் பதிவானவை. ஆகவே அலாஸ்காவுக்குப் போகிறவர்கள் கனடாவைத் தொட்டாக வேண்டும்.

கோவிட் நோய் பரவியபோது 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் கனடா உல்லாசக் கப்பல்களைத் தடுத்தது. உடனே அமெரிக்கா 2021இல் தற்காலிகமாக அந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. கப்பல்கள் வான்கூவரைத் தாண்டிப் போயின. துறையில் பெட்டி தூக்கியவர், டாக்சி ஓட்டியவர், ஓட்டலில் படுக்கை விரித்தவர் எல்லாரும் வேலையின்றித் தவித்தார்கள். எங்கோ ஒரு மேசையில் எழுதும் சட்டம் சாதாரணத் தொழிலாளியின் அடுப்பை எரிய வைக்கவும் செய்யும், அணைக்கவும் செய்யும். 2022இல் கப்பல்கள் திரும்பின. 2024ஆம் ஆண்டில் 13 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் அங்கே வந்து போனார்கள்.

கப்பல் துறையில் நிற்கும்போது என்ஜினை ஓட விட்டால் புகை கக்கும். அதைத் தடுக்க 2009இல் கரையிலிருந்தே கப்பலுக்கு மின்சாரம் கொடுக்கும் வசதியைச் செய்தார்கள். கனடாவிலேயே உல்லாசக் கப்பலுக்கு இந்த வசதி முதலில் வந்தது அங்கேதான்.

மன்னிப்பும் ஒரு பெயர்ப் பலகையும்

காலம் மாறியது என்று சொல்லி மகிழ்வதற்கு முன்னால் இன்னும் இரண்டு கப்பல்களைச் சொல்ல வேண்டும். 2009 அக்டோபரில் ஓஷன் லேடி என்ற கப்பல் 76 ஈழத் தமிழர்களோடு அதே பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தது. 2010 ஆகஸ்டு 13ஆம் தேதி சன் சீ என்ற கப்பல், ஆண், பெண், குழந்தைகள் என 492 தமிழர்களோடு வான்கூவர் தீவில் உள்ள எஸ்குவிமால்ட் கடற்படைத் துறைக்கு வந்து சேர்ந்தது. போர் முடிந்த மண்ணிலிருந்து உயிர் பிழைக்க வந்தவர்கள். கோமகத்தா மாருவைப் போல அவர்களைத் திருப்பி விரட்டவில்லை. கரையில் இறக்கினார்கள், விசாரித்தார்கள். ஆனால் பலரைப் பல மாதங்கள் காவலில் வைத்தார்கள். அவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த சில பேச்சுகள் 1914ஆம் ஆண்டுப் பேச்சுகளை நினைவூட்டின.

இதற்கிடையே பழைய கணக்கைத் தீர்க்கும் முயற்சியும் நடந்தது. 2008இல் கனடாப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் ஒரு பூங்காவில் நடந்த விழாவில் கோமகத்தா மாரு சம்பவத்துக்கு மன்னிப்புக் கேட்டார். "பூங்காவுல சொன்னா போதாது, பார்லிமெண்டுல சொல்லணும்" என்று இந்திய வம்சாவளியினர் விடாமல் கேட்டார்கள். 2016 மே 18ஆம் தேதி பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். கனடா பிளேசுக்குப் பக்கத்திலேயே, கடலைப் பார்த்தபடி, 2012இல் ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் வான்கூவர் நகர மன்றம், கனடா பிளேஸ் என்ற பெயர் கொண்ட தெருவின் ஒரு பகுதிக்குக் கோமகத்தா மாரு வழி என்று இரண்டாவது பெயர் வழங்கத் தீர்மானித்தது.

எந்தக் கரையில் இறங்க விடவில்லையோ, அந்தக் கரையில் இன்று அந்தக் கப்பலின் பெயர். மாண்டவர்கள் திரும்பி வரப் போவதில்லைதான். ஆனாலும் நடந்தது நடந்ததுதான் என்று ஒரு நாடு ஒப்புக்கொள்வது சிறிய காரியம் அல்ல. அதுவும் தானாக வரவில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பயணிகளின் பெயர்ப் பட்டியலையும் பழைய படங்களையும் பாதுகாத்து, நூறு ஆண்டுகள் விடாமல் கேட்டதால் வந்தது.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! இந்த வரலாற்றில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கோமகத்தா மாருவின் பயணிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. ஆகவே அவர்களின் சந்ததியார் கேட்க முடிந்தது. நம் குடும்பங்கள் எந்தக் கப்பலில் வந்தன, எந்த ஆண்டு வந்தன, எந்தத் துறைமுகத்தில் இறங்கின, எந்தத் தோட்டத்துக்கு முதலில் போயின என்பது நம்மில் எத்தனை பேர் வீட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? பழைய தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிபட்டுவிட்டன. தெரிந்த பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டியிடம் உட்காருங்கள். "எந்தக் கப்பல் தாத்தா? கூட யார் யார் வந்தாங்க? தீவுல எத்தனை நாள் வச்சிருந்தாங்க? முதல் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டு எழுதுங்கள். பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய பாஸ்போர்ட்டு, சிவப்பு அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு எதையும் குப்பையில் போட விடாதீர்கள். பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று தட்டிக் கழிக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

அப்படி எழுதிய நோட்டுப் புத்தகங்களைப் பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரியில் சேர்த்து வைத்தால், அடுத்த தலைமுறைக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறென்ன வேண்டும்? படிப்பிலும் விளையாட்டிலும் இன்று பரிசு பெறும் மாணவர்களுக்கும், அடுத்த ஆண்டு பெறப் போகும் மாணவர்களுக்கும் நல்வாழ்த்துகள்!